ஓரியன் நெபுலாவின் இளநட்சத்திரங்கள்: அகச்சிவப்புக் கிரணங்கள் தரும் சாட்சியம்

நட்சத்திரங்கள் எவ்வாறு பிறக்கின்றன என்பது வானசாஸ்திரத்தின் பழங்கேள்விகளுள் ஒன்று. ஆயினும் பிரத்தியட்சப் பிரமாணத்தைக் கொண்டு அதற்கு விடை தேடத் தொடங்கியது சென்ற அறுபது ஆண்டுகளுக்குள்ளேதான். இந்தத் தாமதத்துக்குக் காரணம் ஆராய்ச்சியாளரின் அசிரத்தை அன்று. நட்சத்திரம் உருவாகும் இடம், ஆகாய வெளியில் மிகக் குளிர்ந்ததும் மிக அடர்ந்ததுமான வாயு மேகத்தின் உட்பகுதி. அந்த வாயுவோடு, நிறையில் நூற்றில் ஒரு பங்கே ஆயினும், நுண்தூசு கலந்திருக்கிறது. ஒரு மைக்ரானைக் காட்டிலும் சிறிய அத்துகள்கள் நம் கண்ணுக்குரிய ஒளியை அநேகமாக முழுவதும் விழுங்கிவிடுகின்றன. ஆகவே, ஒரு நட்சத்திரம் தன் வாழ்வின் முதற் சில லட்சம் ஆண்டுகளில் எவ்வளவு வேகமாக வளர்கிறது, தன்னைச் சுற்றி என்ன சேர்த்துக்கொள்கிறது என்பவையெல்லாம் கணிதத்தின் துணைகொண்ட அனுமானங்களாகவே நெடுநாள் இருந்துவந்தன. அந்த நிலையை மாற்றியவை அகச்சிவப்புக் கிரணங்கள். அவை மாற்றியது எவ்வளவு, மாற்றாமல் விட்டது எவ்வளவு என்பதை, பெருநிறை நட்சத்திரங்கள் பிறக்கும் பிரதேசங்களுள் நமக்கு மிக அருகிலுள்ள ஓரியன் நெபுலாவை முதன்மையாக வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓரியன் கூட்டம் தமிழர்க்குப் புதியதன்று. செந்நிறமாக ஒளிரும் திருவாதிரையும், அதன் அருகே மங்கலாய்த் தெரியும் மிருகசீரிடமும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவையே. மார்கழி, தை மாதங்களின் இரவில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே, வாளைத் தொங்கவிட்டாற்போல் தோன்றும் சிறு வரிசையின் நடுவில், மங்கலான ஒளித்திட்டு ஒன்றை வெறுங் கண்ணாலேயே காணலாம். அதுவே ஓரியன் நெபுலா. ஏறத்தாழ 1,300 ஒளியாண்டுத் தூரத்திலுள்ள அந்த வாயுப் படலத்தை ஒளிரச் செய்பவை, அதன் மையத்தில் நெருங்கி நிற்கும் நான்கு பிரகாசமான நட்சத்திரங்கள். நாற்கரத்தின் மூலைகளைப் போல் அமைந்திருப்பதால் டிரபீசியம் என்று அவற்றுக்குப் பெயர். அந்நான்கிலும் வலியது தீட்டா ஒன்று சி. சூரியனைப் போல் முப்பது மடங்குக்கும் மேற்பட்ட நிறையும், நாற்பதாயிரம் டிகிரியை நெருங்கும் மேற்பரப்பு உஷ்ணமும் உடையது. நெபுலாவை ஒளிர்விக்கும் புற ஊதாக் கிரணங்களில் பெரும்பகுதி இந்த ஒன்றிலிருந்தே வருகிறது. 1999ஆம் ஆண்டில் அகச்சிவப்பில் எடுத்த நுண்படங்கள் இதற்கு ஒரு துணை நட்சத்திரம் உண்டென்பதையும் காட்டின.

நமக்கு இன்னும் அருகில், சுமார் 450 ஒளியாண்டுத் தூரத்திலுள்ள ரிஷப ராசியில், இளநட்சத்திரங்கள் பல உண்டு. அவற்றை ஆராய்ந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அங்கே பிறந்தவை யாவும் சிறியவை. பெருநிறை நட்சத்திரம் ஒன்றேனும் அவற்றினிடையே இல்லை. ஆனால் நட்சத்திரங்களில் மிகப் பலவும் தூசு மூடிய கொத்துக்களாகப் பிறக்கின்றன என்பதும், அக்கொத்துக்களில் நூற்றுக்குச் சிலவே பிற்காலம் வரை கலையாமல் நிலைக்கின்றன என்பதும் 2003ஆம் ஆண்டில் சார்லஸ் லாடாவும் எலிசபெத் லாடாவும் வெளியிட்ட விரிவான ஆய்வின் முடிவு. ஆகவே, ஒரு சாதாரண நட்சத்திரத்தின் பிறப்பைப் பொதுவாக அறிய வேண்டுமானால், பெரியதும் சிறியதும் ஒன்றாகப் பிறக்கும் ஓரியன் போன்ற இடத்தையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ரிஷபத்திலிருந்து பெற்ற சித்திரத்தைப் பிரபஞ்சத்துக்கெல்லாம் பொதுவாக்கியது இத்துறையில் நெடுநாள் நிலவிய குறை.

அகச்சிவப்புக் கிரணம் ஏன் உதவுகிறது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டும் வேறு வேறானவை, அவற்றைக் கலந்துவிடக் கூடாது. 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல், சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடியால் பிரித்து, சிவப்புக்கு அப்பால் ஒளியே இல்லாத இடத்தில் வைத்த வெப்பமானி ஏறுவதைக் கண்டார். அன்று அவர் கண்டது உஷ்ணக் கிரணம். தூசுத் துகளின் அளவைக் காட்டிலும் நீண்ட அலைகளை அத்துகள் அவ்வளவாகத் தடுப்பதில்லை என்பது முதற் காரணம். கண்ணுக்குரிய ஒளி ஆயிரம் கோடியில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் தூசுத்திரையின் வழியே, 2.2 மைக்ரான் அலைநீளமுள்ள கிரணம் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவாக வெளிவருகிறது. உள்ளே மறைந்துள்ள நட்சத்திரத்தை அதனால் நேரே காண முடிகிறது. இரண்டாவது காரணம், தூசே ஒளிர்வது. விழுங்கிய ஒளியால் சூடேறிய தூசு அதை உஷ்ணக் கிரணமாகத் திருப்பிக் கொடுக்கிறது. முந்நூறு டிகிரி கெல்வின் உஷ்ணமுள்ள தூசு 10 மைக்ரானிலும், முப்பது டிகிரி உள்ளது 100 மைக்ரானிலும் மிகுதியாக ஒளிர்கிறது. ஆகவே குறுகிய அகச்சிவப்பில் நாம் காண்பது பெரும்பாலும் நட்சத்திரத்தை. நெடிய அகச்சிவப்பில் காண்பது அதன் போர்வையை. பூமியின் வாயுமண்டலமோ, அதிலுள்ள நீராவியின் காரணமாக, 1.25, 1.65, 2.2, 3.5, 4.8, 10, 20 மைக்ரான்களை ஒட்டிய சில சாளரங்களை மட்டுமே திறந்துவைத்து மற்றவற்றை மூடிவிடுகிறது. மலையுச்சிகளையும், பலூன்களையும், விமானங்களையும், கடைசியில் விண்கலங்களையும் இவ்வாராய்ச்சி நாடியது இதனாலேயே.

1960களின் நடுவில், ஈய சல்பைடு உணர்கருவி ஒன்றைத் தொலைநோக்கியில் பொருத்தி, ஒற்றைப் புள்ளியாகவே ஆகாயத்தைத் தடவிப் பார்க்கும் முறைதான் இருந்தது. கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் மாணவராயிருந்த எரிக் பெக்லின், அம்முறையால் ஓரியன் நெபுலாவை வரிவரியாக அளந்துகொண்டு போகையில், டிரபீசியத்திலிருந்து வடமேற்கே சற்றே விலகிய ஓரிடத்தில், ஒளிப்படங்களில் ஏதும் இல்லாத இடத்தில், 2.2 மைக்ரானில் மிகப் பிரகாசமான புள்ளி ஒன்றைக் கண்டார். அவரும் ஜெரி நொய்கேபவரும் 1967ஆம் ஆண்டில் அதை வெளியிட்டார்கள். சுமார் 700 டிகிரி கெல்வின் உஷ்ணமுள்ள பொருளாக அது தோன்றியது. நட்சத்திரம் என்று சொல்வதற்கு மிகவும் குளிர்ந்தது. ஆகவே உருவாகிக்கொண்டிருக்கும் நட்சத்திரமே இது என்று அவர்கள் துணிந்து கூறினார்கள். அதே ஆண்டில் டக்ளஸ் கிளைன்மனும் பிராங்க் லோவும், லோ சில ஆண்டுகளுக்கு முன்பு ஆக்கியிருந்த ஜெர்மேனியம் போலோமீட்டரைக் கொண்டு, அதற்கு அருகிலேயே 22 மைக்ரானில் ஒளிரும் விரிந்த நெபுலா ஒன்றைக் கண்டார்கள். கண்ணுக்கு முற்றிலும் இருளாயிருக்கும் அப்பகுதி சூரியனைப் போல் சுமார் ஒரு லட்சம் மடங்கு சக்தியை வெளியிடுகிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பெருநிறை நட்சத்திரத்தின் பிறப்பிடத்தை மனிதன் முதன்முதலில் பார்த்த ஆண்டு 1967 என்று சொல்வதில் மிகையில்லை.

ஆனால் பார்த்தது என்ன? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த வரலாறே அகச்சிவப்பு ஆராய்ச்சியின் இயல்பை நன்கு விளக்குகிறது. பெக்லின் கண்ட பொருள் இளமையானதே அன்று, தூசுக்குப் பின்னால் மறைந்துள்ள முதிர்ந்த பேரொளி நட்சத்திரமாகவும் இருக்கலாம் என்று 1971ஆம் ஆண்டில் வேறு சிலர் வாதித்தார்கள். அந்த வாதம் அசட்டையாகத் தள்ளத்தக்கதன்று. நிறத்தை மட்டும் கொண்டு பார்த்தால், குளிர்ந்த பொருளும் தூசால் சிவந்த சூடான பொருளும் ஒன்றுபோலவே தோன்றும். நிறமாலையே வழக்கைத் தீர்த்தது. 9.7 மைக்ரானில் சிலிகேட் தூசின் ஆழ்ந்த கறையும், 3.1 மைக்ரானில் பனிக்கட்டியின் அடையாளமும் அதன் நிறமாலையில் பதிந்திருந்தன. 1976ஆம் ஆண்டில், அயனியாக்கப்பட்ட ஹைட்ரஜனுக்குரிய பிராக்கெட் கோடுகளும் அகப்பட்டன. ஆகவே உள்ளே இருப்பது சூரியனைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு நிறையுள்ள சூடான இளநட்சத்திரம். 700 டிகிரி என்பது அதன் உஷ்ணம் அன்று, அதைச் சூழ்ந்த தூசின் உஷ்ணம். முதலிற் கூறிய முடிவு சரியாகவே இருந்தது. அதற்குக் காட்டிய காரணந்தான் திருத்தம் பெற்றது.

கதை அங்கே முடியவில்லை. ரேடியோத் தொலைநோக்கிகளால் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்தபோது, பெக்லினின் நட்சத்திரமும், அதனருகே மூலம் ஐ என்று குறிக்கப்படும் மற்றொரு பெருநிறைப் பொருளும் ஒன்றையொன்று விட்டு வேகமாக விலகிச் செல்வது தெரியவந்தது. அவற்றின் பாதைகளைப் பின்னோக்கி வரைந்தால், நாம் காணும் காலக்கணக்கில் சுமார் 500 ஆண்டுகளுக்கு முன், இரண்டும் ஏறத்தாழ ஒரே இடத்தில் இருந்திருக்கின்றன. 1993ஆம் ஆண்டில் டேவிட் ஆலனும் மைக்கேல் பர்ட்டனும் வெளியிட்ட அகச்சிவப்புப் படங்களில், அந்த இடத்தை மையமாகக் கொண்டு எத்திசையிலும் விரல்களை விரித்தாற்போல் பாயும் வாயுக் கீற்றுக்கள் காணப்பட்டன. அவற்றுள் சில விநாடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் செல்பவை. ஹப்பிள் விண்தொலைநோக்கி எடுத்த அகச்சிவப்புப் படங்களை ஆராய்ந்தவர்கள், 2017ஆம் ஆண்டில் அதே இடத்திலிருந்து விலகும் மூன்றாவது நட்சத்திரம் ஒன்றையும் கண்டார்கள். நெருக்கமாய்ப் பிறந்த பெருநிறை நட்சத்திரங்கள் ஒன்றையொன்று ஈர்த்துச் சிதறிய சம்பவத்தின் எச்சங்கள் இவை என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. இதில் குறிப்பிட வேண்டிய மற்றொன்று, மூலம் ஐ என்ற பொருள் அகச்சிவப்பிலும் நேராகத் தெரிவதில்லை என்பது. சூரியனைப் போல் பதினைந்து மடங்கு நிறையுள்ளதாக மதிப்பிடப்படும் அந்நட்சத்திரத்தை, ஓரமாகச் சாய்ந்து நிற்கும் தட்டு ஒன்று மறைக்கிறது. அதன் ஒளி பக்கத்துத் தூசில் பட்டுத் தெறிப்பதை மட்டுமே அகச்சிவப்புக் கருவிகள் பெறுகின்றன. அந்தத் தட்டில் சாதாரணச் சமையலுப்பின் மூலக்கூறுகள் ஆவியாய் இருப்பதை 2019ஆம் ஆண்டில் ரேடியோ ஆராய்ச்சி காட்டியது. எல்லாத் திரைகளையும் அகச்சிவப்பு விலக்கிவிடும் என்ற எண்ணத்துக்கு ஓரியனின் நடுவிலேயே மறுப்பு இருக்கிறது.

பெருநிறை நட்சத்திரம் வளர்வது எப்படி என்ற சிக்கலுக்கு இங்கே வந்து சேர்கிறோம். சிறிய நட்சத்திரம் வாயுவை இழுத்துச் சேர்ப்பதில் தடையொன்றும் இல்லை. ஆனால் நிறை மிகுந்தது, முழுதும் வளர்வதற்கு முன்பே கடும் பிரகாசத்தை அடைந்துவிடுகிறது. அந்த ஒளியின் அழுத்தம், உள்ளே விழும் தூசையும் அதனோடு வாயுவையும் வெளியே தள்ளிவிட வேண்டும். 1974ஆம் ஆண்டில் பிரான்ஸ் கான் இவ்வாறு கணக்கிட்டு, சூரியனைப் போல் நாற்பது மடங்குக்கு மேல் நட்சத்திரம் வளர்வது கடினம் என்ற முடிவுக்கு வந்தார். ஆனால் அதனினும் பெரிய நட்சத்திரங்கள் ஆகாயத்தில் இருக்கவே செய்கின்றன. வாயு எல்லாப் பக்கத்திலிருந்தும் விழாமல், சுழலும் தட்டின் வழியாகச் சேருமானால், ஒளி மேலும் கீழும் வெளியேறிவிடும், தட்டின் தளத்தில் வாயு தடையின்றி உட்செல்லும் என்பது பிற்காலக் கணக்குகள் காட்டிய வழி. அதற்குச் சாட்சியம் வேண்டியிருந்தது. ஸ்டெபான் கிரவுஸும் அவரைச் சேர்ந்தவர்களும், சிலியிலுள்ள தொலைநோக்கிகள் சிலவற்றின் அகச்சிவப்பு ஒளியை ஒன்றுசேர்த்து, ஐ.ஆர்.ஏ.எஸ். 13481-6124 என்ற, சூரியனைப் போல் இருபது மடங்கு நிறையுள்ள இளநட்சத்திரத்தைச் சுற்றிச் சூடான தூசுத்தட்டு இருப்பதை 2010ஆம் ஆண்டில் காட்டினார்கள். 2015ஆம் ஆண்டில், எஸ்255 என்ற பிரதேசத்தில் அதே அளவு நிறையுள்ள மற்றொன்று திடீரென்று பிரகாசித்தது. சிறு நட்சத்திரங்களில் தட்டிலிருந்து வாயு மொத்தமாகச் சரிந்து விழும்போது எழும் அடையாளங்களே அதன் அகச்சிவப்பு நிறமாலையிலும் எழுந்தன. ஆகவே, பெரியதும் சிறியதும் வளரும் முறையில் அடிப்படையான வேற்றுமை இல்லை என்று கொள்வதற்கு இப்போது தக்க ஆதாரம் இருக்கிறது. ஆனால் அந்த வாயு, முன்பே திரண்ட ஒரே கருவிலிருந்து வருகிறதா, அல்லது கொத்திலுள்ள நட்சத்திரங்கள் பொதுச் செல்வத்துக்குப் போட்டியிட்டுச் சேர்க்கின்றனவா என்பது இன்னும் தீராத வழக்கு. அதை அகச்சிவப்பு மட்டும் தீர்த்துவைக்கும் என்று நான் நம்பவில்லை.

இனிச் சிறிய நட்சத்திரங்களைக் கவனிப்போம். எண்ணிக்கையில் இவையே மிகப் பல. இவற்றின் பருவங்களை வகைப்படுத்தும் முறையை 1987ஆம் ஆண்டில் சார்லஸ் லாடா நிலைநாட்டினார். அலைநீளம் கூடக்கூடச் சக்தி ஏறிக்கொண்டு போனால், அந்நட்சத்திரம் இன்னும் கருப்போர்வைக்குள் இருப்பது, முதல் வகுப்பு. இறங்கிக்கொண்டு போனாலும் வெறும் நட்சத்திரத்துக்குரியதை விட மிகையாக இருந்தால், போர்வை நீங்கித் தட்டு மட்டும் எஞ்சியது, இரண்டாம் வகுப்பு. மிகை அநேகமாக இல்லாவிட்டால், தட்டும் கரைந்தது, மூன்றாம் வகுப்பு. 1993ஆம் ஆண்டில் பிலிப் ஆந்த்ரேயும் அவர் கூட்டாளிகளும் இவற்றுக்கு முன்னே பூஜ்ய வகுப்பு ஒன்றைச் சேர்த்தார்கள். நட்சத்திரத்தைக் காட்டிலும் போர்வையின் நிறையே அதிகமாயுள்ள ஆதிநிலை அது. இவ்வகுப்புக்கள் பருவங்களைக் காட்டுகின்றன என்பது பொதுவாகவே மெய். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் மெய்யன்று. தட்டு ஓரமாகத் திரும்பியிருந்தால், இரண்டாம் வகுப்பைச் சேர்ந்தது முதல் வகுப்பாகத் தோன்றும். தூரத்திலுள்ள புழுதி படர்ந்த கிழ நட்சத்திரமும், அதற்கும் அப்பாலுள்ள அண்டங்களும், நிறத்தில் இளநட்சத்திரத்தைப் போலவே நடிக்கக்கூடும்.

ஸ்பிட்சர் விண்தொலைநோக்கி 2003ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஏவப்பட்டது. அதன் ஆடி 85 சென்டிமீட்டர்தான். ஆனால் திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்பட்டிருந்ததால், தரையிலுள்ள பெருந்தொலைநோக்கிகளுக்கு எட்டாத மங்கலான பொருள்களையும் அது கண்டது. ஓரியனின் இரு பெருமேகங்களையும் அது அளந்த படங்களிலிருந்து, தாமஸ் மெகீத்தும் அவரைச் சேர்ந்தவர்களும் 2012ஆம் ஆண்டில் தூசு சூழ்ந்த இளநட்சத்திரங்கள் 3,479 என்று கணக்கிட்டார்கள். அவற்றுள் 488 கருநிலையில் இருப்பவை, மற்ற 2,991 தட்டுடையவை. இத்தகைய எண்ணிக்கையால் காலத்தை அளக்க முடியும் என்பதே இதன் சிறப்பு. ஒரு தோப்பில் ஆண்டுதோறும் ஒரே அளவாகக் கன்று நட்டுவந்தார்கள் என்று தெரிந்தால், கன்றுகளையும் மரங்களையும் எண்ணிப் பார்த்தே, கன்று மரமாக எத்தனை ஆண்டு பிடிக்கும் என்று சொல்லிவிடலாம் அல்லவா? ஓரியனில் கருநிலைக்கும் தட்டுநிலைக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ ஒன்றுக்கு ஆறு. தட்டு நிலைக்கும் காலம் இருபது லட்சம் முதல் முப்பது லட்சம் ஆண்டுகள் என்று கொண்டால், கருநிலையின் காலம் மூன்று லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் ஆண்டுகள் வரை என்று வருகிறது. வேறு மேகங்களில் செய்த கணக்கும் இதையே ஒட்டியிருக்கிறது.

இந்த அளவு கிடைத்தவுடன் மற்றொரு முரண்பாடு கூர்மையாயிற்று. சூரியனைப் போன்ற நட்சத்திரம் இவ்வளவு காலத்துக்குள் தன் நிறை முழுவதையும் ஒரே சீராகச் சேர்த்தால், விழும் வாயுவின் சக்தியால் அது எவ்வளவு ஒளிர வேண்டுமோ, அவ்வளவு ஒளிர்வதாகக் கருநிலை நட்சத்திரங்களில் மிகப் பல காணப்படவில்லை. 1990ஆம் ஆண்டில், ஐராஸ் என்ற விண்கலத்தின் அளவைகளைக் கொண்டு ஸ்காட் கென்யன் முதலியோர் எடுத்துக்காட்டிய இந்த முரண்பாட்டுக்குப் பல சமாதானங்கள் கூறப்படுகின்றன. அவற்றுள் வலிமையானது, வளர்ச்சி சீரானதன்று, நெடுங்காலம் அடங்கியிருந்து இடையிடையே பொங்கி எழுவது என்பதாம். 1936ஆம் ஆண்டில் எப்.யூ. ஓரியனிஸ் என்ற நட்சத்திரம் திடீரென்று பிரகாசித்ததே இதன் முதல் உதாரணம். ஆனால் அது போர்வையை இழந்துவிட்ட நட்சத்திரம். மிக இளமையான பூஜ்ய வகுப்பிலும் அத்தகைய எழுச்சி உண்டு என்பதை ஓரியனிலுள்ள ஹாப்ஸ் 383 என்ற பொருள் காட்டியது. 2004ஆம் ஆண்டுக்கும் 2008ஆம் ஆண்டுக்கும் இடையில் அது 24 மைக்ரானில் 35 மடங்கு பிரகாசமடைந்தது. நெபுலாவை ஒருமுறை படமெடுத்தால் போதாது, ஆண்டாண்டாகத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலிய காரணம் வேண்டியதில்லை.

அகச்சிவப்பு ஆராய்ச்சியின் முடிவுகளுள் மக்களிடையே மிகப் பிரசித்தி பெற்றது தட்டுக்களைப் பற்றியது. ஏனெனில் கிரகங்கள் தோன்றுவது அத்தட்டுக்களில்தான். டிரபீசியத்தைச் சூழ்ந்த கொத்தில், 2.2 மைக்ரான் வரை மட்டும் அளந்தவர்கள் பாதி நட்சத்திரங்களுக்கே தட்டு உண்டு என்றார்கள். 2000ஆம் ஆண்டில் லாடாவின் குழு 3.4 மைக்ரானையும் சேர்த்து அளந்தபோது, அது 80 சதவீதமாக உயர்ந்தது. மாறியது கருவியின் அலைநீளந்தான். அடுத்த ஆண்டில் கார்ல் ஹைஷும் லாடாக்களும் வெவ்வேறு வயதுடைய கொத்துக்களை ஒப்பிட்டு, சுமார் முப்பது லட்சம் ஆண்டுகளில் பாதி நட்சத்திரங்கள் தட்டை இழக்கின்றன, அறுபது லட்சம் ஆண்டுகளில் அநேகமாக எல்லாமே இழக்கின்றன என்று காட்டினார்கள். கிரகங்கள் தோன்றுவதற்குக் கிடைக்கும் அவகாசம் இவ்வளவே என்பதை அறிவித்த அந்த ஆய்வு, கிரகப்பிறப்புக் கொள்கைகளுக்கெல்லாம் எல்லை வகுத்தது.

டிரபீசியக் கொத்திலும் 80 சதவீத நட்சத்திரங்களுக்குத் தட்டு இருப்பதிலிருந்து, பெருநிறை நட்சத்திரத்தின் அருகாமை சிறியவற்றுக்குத் தீங்கு செய்வதில்லை என்று சிலர் ஊகித்தார்கள். அந்த ஊகத்தை நான் ஏற்கவில்லை. ஒரு நட்சத்திரத்துக்கு அகச்சிவப்பு மிகை உண்டென்றால், அதை ஒட்டினாற்போலுள்ள உட்பகுதியில் சூடான தூசு சிறிதேனும் இருக்கிறது என்பதே அதன் பொருள். மிகச் சொற்பமான தூசும் அந்த மிகையைத் தந்துவிடும். தட்டின் மொத்த நிறையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. 1993ஆம் ஆண்டில் ராபர்ட் ஓடெல் குழுவினர் ஹப்பிளின் படங்களில், தீட்டா ஒன்று சியின் கிரணத்தால் தட்டுக்கள் ஆவியாகி, வால் முளைத்தாற்போல் பின்னோக்கி நீண்டிருப்பதைக் காட்டினார்கள். மில்லிமீட்டர் அலைகளில் நிறையை நேரே அளந்த அல்மா தொலைநோக்கியின் ஆராய்ச்சி, அந்த நட்சத்திரத்துக்கு ஒளியாண்டில் பத்தில் ஒரு பங்குத் தூரத்துக்குள் நிறைமிக்க தட்டுக்களே இல்லை என்று 2014ஆம் ஆண்டில் கண்டது. ஓரியனின் தட்டுக்கள் பொதுவாக ரிஷபத்தில் உள்ளவற்றைக் காட்டிலும் நிறை குறைந்தவை என்பதும் பின்னர் உறுதிப்பட்டது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வந்தபின், இந்த அழிவின் செயல்முறையும் தெரியத் தொடங்கியது. நெபுலாவின் விளிம்பிலுள்ள டி203-506 என்ற சிறு நட்சத்திரத்தின் தட்டில், கரிம ரசாயனத்துக்கு வாயிலாகக் கருதப்படும் மெத்தில் அயனியை 2023ஆம் ஆண்டில் ஒலிவியர் பெர்னே முதலியோர் கண்டார்கள். ஆகாயத்தில் அது காணப்பட்டது அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டில் அதே குழுவினர், புற ஊதாக் கிரணத்தால் அந்தத் தட்டு வாயுவை இழக்கும் வேகத்தை அளந்து, பத்து லட்சம் ஆண்டுகளுக்குள் அது கரைந்துவிடும், வியாழனைப் போன்ற கிரகம் அங்கே தோன்றுவது அரிது என்று முடிவு கட்டினார்கள். ஒரே கிரணம் புதிய ரசாயனத்தைத் தூண்டுகிறது, தட்டையும் கரைக்கிறது. பெரியவற்றின் அருகே பிறக்கும் சிறியவற்றின் கதி இவ்விரண்டாலும் நிர்ணயிக்கப்படுகிறது.

எண்ணிக்கைகளில் உள்ள குறைகளையும் மறைக்காமல் கூற வேண்டும். நெபுலாவின் நடுப்பகுதி அகச்சிவப்பில் கண்கூசும்படி ஒளிர்வதால், மங்கலானவை அங்கேயே அதிகம் தவறிப்போகின்றன. எந்த இடத்தை அறிய மிகவும் விரும்புகிறோமோ அங்கேதான் பட்டியல் குறைபாடுடையது. தட்டை இழந்த இளநட்சத்திரங்களைப் பின்னணியில் உள்ளவற்றிலிருந்து அகச்சிவப்பால் பிரித்தறியவும் முடியாது. அவற்றைக் காட்டிக்கொடுப்பவை எக்ஸ் கிரணங்கள். 2003ஆம் ஆண்டில் சந்திரா விண்தொலைநோக்கி இந்தக் கொத்தைப் பத்து நாட்களுக்கு நெருங்கிய காலம் நோக்கி, 1,600க்கும் மேற்பட்ட எக்ஸ் கிரண மூலங்களைக் கண்டது. இவ்விரு பட்டியல்களையும் சேர்த்துப் படிப்பவரே கொத்தின் மெய்யான மக்கள்தொகையை அறிவார். 2023ஆம் ஆண்டில் வெப்பின் படங்களை ஆராய்ந்த சாமுவேல் பியர்சனும் மார்க் மெக்காக்ரியனும், நட்சத்திரம் எதையும் சேராமல் தனியே திரியும் கிரக நிறைப் பொருள்கள் சுமார் 540 உண்டு, அவற்றிடையே ஒன்றையொன்று சுற்றும் இரட்டைகள் நாற்பது வரை உண்டு என்று அறிவித்தபோது உலகமே வியந்தது. மறு ஆண்டே கெவின் லூமன், அவ்விரட்டைகளில் மிகப் பல, தூசால் சிவந்து தோன்றும் பின்னணிப் பொருள்களாகவே இருக்கக்கூடும் என்று நிறங்களைக் கொண்டு எடுத்துக்காட்டினார். 1971ஆம் ஆண்டில் பெக்லினின் நட்சத்திரத்துக்கு எழுந்த ஆட்சேபமே இது. அன்று தீர்ப்பளித்தது நிறமாலை. இன்றும் அதுவே அளிக்க வேண்டும். நிறமாலை கிடைக்கும்வரை அந்த இரட்டைகளை ஸ்தாபிதமான உண்மையாகப் பாடநூல்களில் சேர்ப்பது கூடாது.

இந்த ஆராய்ச்சி நம் சொந்த வரலாற்றையும் தொடுவது. 1969ஆம் ஆண்டில் மெக்சிகோவில் விழுந்த அலெண்டே விண்கல்லில், அலுமினியம் 26 என்ற குறுகிய ஆயுளுடைய கதிரியக்கப் பொருள் ஒருகாலத்தில் இருந்ததற்கான சான்று 1976ஆம் ஆண்டில் நிலைநாட்டப்பட்டது. சூரியன் பிறந்த இடத்துக்கு அண்மையில் பெருநிறை நட்சத்திரம் இருந்திருக்கலாம் என்பதற்கு அது ஓர் அறிகுறியாகக் கருதப்படுகிறது. விவாதம் முடிந்துவிடவில்லை என்றாலும், சூரியனும் ரிஷபத்தைப் போன்ற அமைதியான இடத்தில் அன்றி, ஓரியனைப் போன்ற கொந்தளிப்பான இடத்தில் பிறந்திருக்கலாம் என்ற எண்ணத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 2025ஆம் ஆண்டில் ஓரியனைச் சேர்ந்த ஹாப்ஸ் 315 என்ற கருநிலை நட்சத்திரத்தின் அருகே, சூடான வாயுவிலிருந்து முதற் கனிமங்கள் உறையத் தொடங்குவதற்கான அடையாளங்களை வெப்பும் அல்மாவும் காட்டின. விண்கற்களில் நாம் படித்த பூர்வ சரித்திரத்தை வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றி நடந்துகொண்டிருக்கும்போதே பார்ப்பது இதுவே முதல் முறை.

நம் நாட்டின் பங்கு சிறிதாயினும் உண்மையானது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார், ஒரு மீட்டர் ஆடியுள்ள தொலைநோக்கியை ஹைதராபாத்திலிருந்து பலூனில் ஏற்றி, 100 மைக்ரானுக்கு அப்பாற்பட்ட அலைநீளங்களில் ஓரியனின் குளிர்ந்த தூசை அளந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்திலுள்ள ஹான்லேயில், இந்திய வானியற்பியல் நிலையத்தின் இரண்டு மீட்டர் தொலைநோக்கி அகச்சிவப்புக் கருவியோடு இயங்குகிறது. நீராவி குறைந்த வறண்ட காற்றே அவ்விடத்தின் செல்வம். பொங்கி எழும் இளநட்சத்திரங்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிப்பதற்கு, பேராடிகளைக் காட்டிலும் இத்தகைய நடுத்தரத் தொலைநோக்கிகளே ஏற்றவை. ஏனெனில் பெரியவற்றில் ஒரே நட்சத்திரத்துக்குப் பல இரவுகளை ஒதுக்க மாட்டார்கள்.

இன்று உள்ள பெருங்குறை வேறிடத்தில் இருக்கிறது. பூஜ்ய வகுப்பு நட்சத்திரம் தன் சக்தியில் பெரும்பகுதியை வெளியிடுவது 100 மைக்ரானை ஒட்டிய நெடிய அகச்சிவப்பில். அதன் ஒளித்திறனை அங்கேதான் அளக்க முடியும். வெப்பின் எல்லை 28 மைக்ரான். ஓரியனின் கருநிலை நட்சத்திரங்கள் முந்நூறுக்கும் மேற்பட்டவற்றை அந்த அலைநீளங்களில் அளக்க உதவிய, 3.5 மீட்டர் ஆடியுள்ள ஹெர்ஷல் விண்தொலைநோக்கி, 2013ஆம் ஆண்டு ஏப்ரலில் குளிர்ப்பொருள் தீர்ந்து ஓய்ந்தது. விமானத்திலேறிப் பறந்த சோபியா தொலைநோக்கி, பெக்லின் நெடுங்காலம் தலைமை அறிவியல் ஆலோசகராயிருந்து வளர்த்தது, 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. பலூன் முயற்சிகள் நீங்கலாக, மிக இளமையான நட்சத்திரங்களின் உச்ச ஒளியைக் காணத்தக்க தொலைநோக்கி எதுவும் இப்போது மனித குலத்திடம் இல்லை. 2024ஆம் ஆண்டில் நாசா மேற்கொண்டு ஆராயத் தேர்ந்தெடுத்த இரு விண்தொலைநோக்கித் திட்டங்களுள் பிரைமா என்பது இந்த அலைநீளங்களுக்கு உரியது. அதுவோ அதற்கு நிகரான மற்றொன்றோ கட்டப்படவே வேண்டும். ஹாப்ஸ் 383ஐப் போன்ற எழுச்சி ஓரியனில் நாளையே நிகழ்ந்தாலும், அதன் முழுச் சக்தியையும் அளக்கக்கூடிய கருவி இன்று விண்வெளியில் ஒன்றுகூட இல்லை.